கடைக் கதவையும் கொஞ்சம் கவனிப்போம்

2009 ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எங்கள் கூடாரத்துக்குக் கதவு இருக்கவில்லை. வாசலில் ஒரு தறப்பாள் துண்டு தொங்கும். இரவில் அதன் அடியில் இரண்டு கல்லை வைத்துவிட்டு, நாலு வயது மகளை நடுவில் கிடத்தி, மாமி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் படுப்போம். தறப்பாள் காற்றில் அடித்தாலும் நான் எழும்பி இருந்துவிடுவேன். பூட்டுப் போட்ட ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு நாளாவது நிம்மதியாக நித்திரை கொள்ள வேண்டும் என்பதுதான் அப்போது என் ஆசை.

2010 இல் முகாமை விட்டு வெளியே வந்து, நெளுக்குளத்தில் மாமியின் தங்கை வீட்டில் ஒதுங்கினோம். கணவர் யுத்தத்தோடு போய்விட்டார். எனக்குத் தையல் தெரியும். வீட்டு விறாந்தையில் இருந்து சட்டை தைத்தேன். 2014 இல் துணிந்து, நேரியகுளம் போகும் வீதியோரமாக ஒரு கடை அறையை வாடகைக்கு எடுத்தேன். முன்பக்கம் தையல் மெசினும் கொஞ்சம் பலசரக்கும். பின்னால் நாங்கள் மூவரும் படுக்க ஒரு சிறிய அறை. வாசலில் இரும்பு ஷட்டர். முதல் நாள் இரவு அதை இழுத்துப் பூட்டியபோது மாமி சொன்னார், "இனி ஆரும் தூக்கிக்கொண்டு உள்ளுக்கு வரேலாது பிள்ளை." அன்று விடியும்வரை நித்திரை கொண்டேன்.

அந்த ஷட்டர்தான் மூன்று வருடத்துக்குப் பிறகு என் காலை உடைத்தது. அதைப்பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். நம்மில் பலர் இன்று சிறு கடை, தையலகம், அரிசி மா இடிக்கும் ஆலை, முச்சக்கர வண்டி விடும் கொட்டகை என்று ஏதோ ஒன்றை நடத்துகிறோம். தினமும் இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கும் கதவைப்பற்றி நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அன்று நடந்தது

2017 ஆம் ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே ஷட்டர் பாரமாகிக்கொண்டு வந்தது. முன்பு ஒரு கையால் தள்ளினால் ஏறும். பிறகு இரண்டு கை வேண்டியிருந்தது. பிறகு மகளையும் கூப்பிட வேண்டியிருந்தது. அவளுக்கு அப்போது 12 வயது. குனிந்து தோளைக் கொடுத்து அவள் கீழிருந்து முட்டுக் கொடுக்க, நான் தூக்குவேன். கடைக்காரரிடம் சொன்னபோது, "கொஞ்சம் எண்ணெய் விடுங்கோ, சரிவரும்" என்றார். நானும் குசினியில் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து ஊற்றினேன்.

அன்று காலையும் அப்படித்தான். கதவு நெஞ்சளவு உயரம் ஏறியிருந்தது. தலைக்கு மேலே "படார்" என்று ஒரு வெடி. ஸ்பிரிங் அறுந்த சத்தம் அது என்பது பிறகுதான் தெரியும்.

அப்படியொரு சத்தம் கேட்டால் நமக்கு என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வன்னியில் பிள்ளைக்கு எழுத்துப் பழக்க முதல் விழுந்து படுக்கப் பழக்கினோம். என் கை தானாக மகளை இழுத்து நிலத்தில் போட்டது. நான் அவளுக்கு மேலே விழுந்து படுத்தேன். அது ஷட்டருக்கு நேர் கீழே.

ஷெல்லுக்கு அது சரி. ஷட்டருக்கு அது பிழை. விழுந்த வேகத்தில் இருவரும் கொஞ்சம் உள்பக்கமாகச் சரிந்ததால் உயிர் தப்பினோம். என் வலது கணுக்கால் மட்டும் வாசல் கோட்டில் அகப்பட்டது. தேநீர்க் கடைத் தம்பியும் ஒரு ஓட்டோக்காரரும் ஓடிவந்து, வாகனத்துக்கு வைக்கும் ஜக்கை அடியில் கொடுத்துக் கதவை உயர்த்தினார்கள். ஓட்டோவிலேயே வவுனியா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மெசின் மிதிக்கும் கால் அது. தை மாதப் பள்ளிச் சீருடை வேலைதான் எனக்கு வருடத்தின் பெரிய வருமானம். அந்த வருடம் அது முழுவதும் கைவிட்டுப் போனது.

கதவைத் திருத்த வந்த பொடியன் அறுந்த ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னான்: "அக்கா, இது இண்டைக்குத் திடீரெண்டு நடந்ததில்லை. மூண்டு மாசமா உங்களுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கு."

அவன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். மெசினில் நூல் அறுந்தால் எங்கே பிழை என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற எனக்கு, கதவின் சத்தம் விளங்கவில்லை. கதவு ஆம்பிளைகளின் விசயம் என்று நினைத்திருந்தேன். அன்று தொடக்கம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டவற்றைக் கீழே தருகிறேன்.

பாரத்தைத் தாங்குவது எது?

எட்டு அடி அகலம், எட்டு அடி உயரமான ஷட்டர் ஒன்று தடித்த இரும்புத் தகட்டால் செய்யப்பட்டிருந்தால், ஒரு சீமெந்துப் பையை விடப் பாரமாக இருக்கும். சீமெந்துப் பை 50 கிலோ. அதை நாம் ஒரு கையால் தூக்க முடியுமா? ஷட்டரை மட்டும் எப்படித் தூக்குகிறோம்?

மேலே பெட்டிக்குள் ஒரு குறுக்கு உருளை இருக்கிறது. அதற்குள் முறுக்கிய ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. கதவைக் கீழே இறக்கும்போது ஸ்பிரிங் முறுகுகிறது. மேலே ஏற்றும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து நமக்குக் கைகொடுக்கிறது. ஆகவே பாரத்தில் பெரும்பங்கைத் தூக்குவது ஸ்பிரிங்தான். நாம் கொஞ்சம்தான் தூக்குகிறோம். ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தப் பாரம் நம் கைக்கு வருகிறது. அறுந்தால் முழுப்பாரமும் கீழே வருகிறது.

ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு. வெளிநாடுகளில் வீட்டுக் கராஜ் கதவுகளுக்குப் பூட்டும் சாதாரண ஸ்பிரிங் ஏறத்தாழ 10,000 தடவை ஏறி இறங்கும் என்று கணக்கு வைத்துத்தான் செய்கிறார்கள். ஒரு கடைக் கதவை நாளுக்கு மூன்று தடவை திறந்து பூட்டினால், அந்தக் கணக்கு ஒன்பது வருடத்தில் முடிந்துவிடும். என் கடையின் ஷட்டர் எத்தனை வருடம் பழையது என்று வாடகைக்கு எடுத்த நாளில் நான் கேட்கவே இல்லை.

கதவு முன்கூட்டியே சொல்லும்

பின்வருவனவற்றில் ஒன்றைக் கண்டாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று விடாதீர்கள்.

வழமையை விடப் பாரமாக ஏறுதல். ஒரு பக்கம் உயர்ந்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் போதல். பாதியில் நில்லாமல் தானாக இறங்குதல், அல்லது கையை மீறி மேலே பாய்தல். பக்கத்து இரும்புக் காடிக்குள் தகடு உரசிக் கிறீச்சிடுதல். மேலே உருளையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் ஆணிகள் சுவரில் ஆடுதல், அவ்விடத்துச் சீமெந்து வெடித்தல். அடித்தகட்டில் துரு ஏறி ஓட்டை விழுதல்.

பாரமாகிவிட்ட கதவை இன்னொருவரைக் கூப்பிட்டுச் சேர்ந்து தூக்குவது தீர்வல்ல. அப்படித்தான் நான் என் பிள்ளையை அதற்குக் கீழே நிறுத்தினேன்.

போயா நாள் வேலை

மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். எனக்கு நாள் மறந்துபோகும் என்பதால் போயா விடுமுறை நாளை அதற்கென்று வைத்திருக்கிறேன். அரை மணித்தியாலம் கூட ஆகாது.

முதலில் ரோச் லைற் அடித்து மேலிருந்து கீழ்வரை பாருங்கள். ஆணி, சட்டம், தகடு, பூட்டு எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தால் போதும். கைவைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அரைவாசிச் சோதனை. கதவை இடுப்பளவுக்கு உயர்த்தி மெதுவாகக் கையை எடுங்கள். உங்கள் கால் வாசல் கோட்டுக்கு வெளியே, கை நீட்டிய தூரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் பிள்ளைகள் வேண்டாம். நல்ல கதவு ஏறக்குறைய அந்த இடத்திலேயே நிற்கும். சடாரென்று விழுந்தாலும், மேலே பாய்ந்தாலும் ஸ்பிரிங் சரியில்லை. கதவைப் பாவிப்பதை நிறுத்திவிட்டுத் திருத்துநரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, துப்புரவு. பக்கத்துக் காடிகளில் சேரும் செம்மண் தூசி, நூல் துணிக்கை, குளவிக்கூடு எல்லாவற்றையும் பழைய பிரஸ்சால் தட்டி, காய்ந்த துணியால் துடையுங்கள். காடிக்குக் கிறீஸ் பூச வேண்டாம். நம் வீதிப் புழுதி அதில் ஒட்டி, கொஞ்ச நாளில் சாந்துபோல இறுகிவிடும். தேங்காய் எண்ணெயும் அப்படியே. நான் செய்த பிழைகளில் அதுவும் ஒன்று. காடிக்குச் சிலிக்கன் ஸ்பிரே நல்லது. வன்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பூட்டுத் துவாரத்துக்குப் பென்சில் கரித்தூள் கொஞ்சம் போட்டால் திறப்பு இலகுவாகத் திரும்பும்.

நான்காவது, துரு. ஐப்பசி மழைக்கு முன் வருடத்துக்கு ஒரு தடவை அடித்தகட்டைச் சுரண்டி, துருவைத் துடைத்து, ரெட் ஒக்சைட் பூசுங்கள். வாசலில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

இப்படிப் பராமரித்த கதவு சத்தம் குறைந்தும் ஏறி இறங்கும். மாலையில் கடைகள் பூட்டும்போது "தடால்" என்று விழும் ஷட்டர் சத்தத்துக்கு இன்றும் நெஞ்சு பதறும் எத்தனையோ பேர் நம் அயலில் இருக்கிறார்கள். கதவை மெதுவாக இறக்குவது அவர்களுக்கும் நாம் செய்யும் உதவி.

நாம் தொடக்கூடாதது

ஸ்பிரிங், அது பூட்டியிருக்கும் உருளை, அதைத் தாங்கும் சட்டம் ஆகிய மூன்றையும் நாம் கழற்றவோ இறுக்கவோ கூடாது. கதவு பூட்டிக் கிடந்தால் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை எதிர்மாறானது. கதவு முழுதாக இறங்கியிருக்கும்போதுதான் ஸ்பிரிங்கில் முறுக்கு ஆகக்கூடுதலாக இருக்கும். அந்த நேரத்தில் ஆணியைத் தளர்த்தினால் அது கையை, முகத்தைப் பிய்த்துவிடும். அயலில் உள்ள பொடியன் "நான் பார்க்கிறேன் அக்கா" என்று ஏணியில் ஏறினாலும் தடுத்துவிடுங்கள். இந்த வேலை தெரிந்தவரையே கூப்பிட வேண்டும்.

கதவை இறக்கும்போது தகடுகளுக்கிடையில் விரல் வைக்காதீர்கள். கைபிடியையோ கொக்கித் தடியையோ பிடித்து இழுங்கள். சேலைத் தலைப்பையும் பின்னலையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கப் பூட்டும் திறந்துவிட்டதா என்று பார்த்த பின்பே தூக்குங்கள். ஒரு பக்கம் பூட்டியபடி இழுத்தால் தகடு வளைந்துவிடும்.

பிள்ளைகளும் கேற்றும்

ஏறும் ஷட்டரின் அடித்தகட்டைப் பிடித்துத் தொங்குவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. இறங்கும் கதவுக்குக் கீழே குனிந்து ஓடுவதும் அப்படித்தான். என் கடை வாசலில் இப்போது மஞ்சள் பெயின்ற் கோடு ஒன்று போட்டிருக்கிறேன். கதவு ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கோட்டுக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஷட்டர் இல்லாத வீடுகளில் கேற் இருக்கும். கேற் சரிந்து விழுந்து பிள்ளை இறந்தது என்ற செய்தியை நம் நாட்டுப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். தண்டவாளத்தில் உருளும் கேற் என்றால், இரண்டு அந்தத்திலும் அது தாண்டிப் போகாமல் தடுக்கும் இரும்புக் கட்டை இருக்கிறதா, மேலே சாயாமல் பிடிக்கும் உருளை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் பிள்ளைகளை அதைத் தள்ள விடாதீர்கள். மடக்குக் கேற் என்றால் பிணைச்சலையும் தூண் வெடிப்பையும் கவனியுங்கள். கேற்றில் ஏறி ஊஞ்சலாட விடவே கூடாது.

மின்சாரக் கதவு என்றால்

இப்போது நம் பக்கத்திலும் சில கடைகளுக்கு மோட்டார் பூட்டிய ஷட்டர் வந்துவிட்டது. இது புதிய விடயமல்ல. அமெரிக்காவில் மேலே எழும்பும் கராஜ் கதவை சி. ஜி. ஜோன்சன் என்பவர் 1921 இல் செய்தார். 1926 இல் அதைத் திறக்க மின்மோட்டாரும் வந்தது. ஆனால் இறங்கும் கதவுக்குக் கீழே அகப்பட்டுப் பிள்ளைகள் இறந்த பிறகுதான் அங்கு சட்டம் வந்தது. 1993 தொடக்கம் அங்கு செய்யப்படும் வீட்டுக் கராஜ் மோட்டார்கள், கதவு எதிலாவது முட்டினால் உடனே திரும்பி மேலே போகவும், குறுக்கே யாரும் வந்தால் உணரவும் வேண்டும். அந்த உணர்கருவியை நிலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாமல் பூட்டுகிறார்கள். தவழும் பிள்ளையையும் அது காண வேண்டுமே.

நீங்கள் மோட்டார் வாங்குவதானால் "முட்டினால் திரும்புமா?" என்று முதலில் கேளுங்கள். அப்படியான கராஜ் கதவு இருந்தால் மாதம் ஒரு தடவை ஒன்றரை அங்குலத் தடிப்பான பலகைத் துண்டொன்றை வாசலில் படுக்க வைத்துக் கதவை இறக்கிப் பாருங்கள். பலகையில் பட்டதும் மேலே போக வேண்டும். போகாவிட்டால் திருத்தும்வரை மோட்டாரைப் பாவிக்காதீர்கள். சுவர்ச் சுவிச்சை ஐந்து அடிக்கு மேலே, கதவு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பூட்டுங்கள். ரிமோட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மின்சாரம் நின்றால் கையால் திறப்பது எப்படி என்பதைப் பூட்டும் நாளிலேயே கேட்டுச் செய்து பாருங்கள். 2022 பங்குனி மாத முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை.

மோட்டார் இல்லாத ஷட்டரிலும் மின்சாரம் பாயலாம். பெயர்ப்பலகை லைற்றுக்கு இழுத்த வயர் தகட்டில் உரசித் தோல் போனால், மழை நாளில் வெறுங்காலோடு தொடுபவருக்கு உயிராபத்து. கதவைத் தொடும்போது சிறு கூச்சம் தெரிந்தாலும் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். போயா நாளில் ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானையும் ஒருமுறை அழுத்துங்கள். அது உடனே விழ வேண்டும்.

உள்ளே நித்திரை கொள்பவர்களுக்கு

என்னைப்போலக் கடைக்குள்ளேயே குடியிருப்பவர்கள் பலர். ஷட்டர் ஒன்றுதான் வழி என்றால், தீப்பிடித்தால் அதுவே நம்மை அடைத்துவிடும். பின்பக்கம் இன்னொரு கதவு கட்டாயம் வேண்டும். அதன் முன்னால் அரிசி மூட்டை அடுக்காதீர்கள். இரண்டு கதவின் திறப்பும் ஒரே இடத்தில், எல்லோருக்கும் தெரியும் ஆணியில் தொங்கட்டும்.

பூட்டிய ஷட்டருக்குள் ஜெனரேற்றரையோ மோட்டார் சைக்கிளையோ ஒருபோதும் இயக்காதீர்கள். புகையோடு வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையிலேயே உயிரை எடுத்துவிடும். வாகனத்தை வெளியே தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

வாடகைக் கடை என்றால்

ஒப்பந்தம் எழுதும்போது "ஷட்டர் திருத்தும் செலவு யாருடையது?" என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பழுது கண்டால் வாயால் சொல்வதோடு நிற்காமல், திகதி போட்டு ஒரு கடிதம் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள். நான் மூன்று மாதம் வாயால்தான் சொன்னேன். பிறகு "நீங்கள் சொல்லவே இல்லையே" என்றார்கள். உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால், ஒரே நாளில் ஒரு திருத்துநரைக் கூப்பிட்டு எல்லோர் கதவையும் பார்க்கச் சொல்லலாம். போக்குவரத்துச் செலவும் பங்காகும்.

யாராவது அகப்பட்டால் காலையோ கையையோ பிடித்து இழுக்காதீர்கள். ஆட்களைக் கூப்பிட்டு, கதவை இரண்டு பக்கமும் சமமாக உயர்த்தி, ஜக்கையோ கட்டையையோ முட்டுக் கொடுத்த பின்பே அவரை எடுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவசமாக அம்புலன்ஸ் வரும். 2016 இல் தெற்கில் தொடங்கிய இந்தச் சேவை எனக்கு விபத்து நடந்தபோது வடக்குக்கு வந்திருக்கவில்லை. இன்று நாடு முழுவதும் இருக்கிறது. அந்த இலக்கத்தைக் கதவுக்கு உள்பக்கம் பெரிதாக எழுதி வையுங்கள்.

என் கால் ஆறு மாதத்தில் தேறியது. மகளுக்குக் காயம் இல்லை. ஆனால் அவள் வெகுகாலம் ஷட்டருக்குக் கீழால் போகமாட்டாள், பின்கதவால்தான் வருவாள். புது ஸ்பிரிங் பூட்டிய பிறகு, எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். விளங்க விளங்கப் பயம் குறைந்தது. இன்று வளர்ந்துவிட்டாள். போயா நாளில் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு முதலில் போவது அவள்தான்.

அவளுக்கும் எனக்கும் இன்னொன்றைப் பழக்க வேண்டியிருந்தது. கதவடியில் சத்தம் கேட்டால் விழுந்து படுக்கக்கூடாது. விலகி ஓட வேண்டும். மஞ்சள் கோட்டில் நின்று பலமுறை செய்து பார்த்தோம். மாமி பார்த்துச் சிரித்தார், பிறகு அவரும் வந்து செய்தார். உடம்பு பழகியதை மாற்றக் காலம் எடுக்கும். ஆனால் மாறும்.

இன்று மாலை கடையைப் பூட்டும்போது உங்கள் கதவை ஒருமுறை நின்று பாருங்கள் சகோதரிகளே. அது பாரமாகியிருந்தால் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். திருத்துநரைக் கூப்பிடுங்கள்.